சந்தனம் வைக்காத மிஷின்

செப்டம்பர் 9, திங்கள்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள், ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூல் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. எழுதுகிறேன். என் சம்சாரம் வசந்தாமணி எடுத்துப் பார்ப்பாளோ என்ற கவலை இல்லை. என் மேஜையைத் தொடுகிற துணிச்சல் அவளுக்குக் கிடையாது.

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. சாம்பிள் செக்‌ஷன் மாஸ்டர். பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன், ஆர்டர் கொடுக்கும் முன்னால், ஒரே ஒரு துணி தைத்து அனுப்பு, பார்க்கலாம் என்பான். அந்த ஒரு துணியைத் தைத்து அனுப்புவது நாங்கள்தான். வெட்டுவது நான். தைப்பது ஒன்பது பேர், ஆளுக்கொரு மிஷின். எனக்குச் சென்னியப்பன் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. மாஸ்டர் என்றால் நான்தான்.

இன்றைய கோபம் நாலு நாள் பழையது. வியாழக்கிழமை பையர் ஆபீஸிலிருந்து ஆள் வந்திருந்தான். மேனேஜர் ரகுபதி சாரும் பக்கத்தில் நின்றார். புது டீ-சர்ட்டை மேஜையில் விரித்து நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அப்போது பார்த்து அந்தக் கரூர்க்காரி, சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவள், மிஷினிலிருந்து எழுந்து வந்து வாயைத் திறந்தாள்.

"மாஸ்டர், கழுத்து ஒரு இன்ச் கம்மியா இருக்குதுங்க. பையர் பேப்பர்ல வேற போட்டிருக்குது."

அத்தனை பேர் முன்னால்! மேனேஜர் டேப்பை வாங்கி அளந்தார். அளவு என்ன வந்தது என்பது இங்கே தேவையில்லை. தனியாக வந்து காதோடு சொல்லக்கூடாதா என்பதுதான் என் கேள்வி. பிறகு அந்தத் துணி மறுபடி வெட்டப்பட்டது.

எழுதினால் இறங்கும் என்றார் டாக்டர். இறங்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

அவளிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மூத்த டெய்லர் ஆறுச்சாமியிடம் சொல்கிறேன், அவன் அவளிடம் சொல்கிறான். மதியம் ஏதோ கேட்க என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். கத்தவே இல்லை நான். டாக்டருக்கு நன்றி.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜன்னல் ஓரத்தில் இருந்த அவள் மிஷினை கக்கூஸ் கதவுப் பக்கம் மாற்றச் சொன்னேன். ஜன்னல் பக்கம் துணி அடுக்க இடம் வேண்டியிருந்தது. இன்னும் அடுக்கவில்லை, அடுக்கலாம்.

தைக்கிற வேலையும் இப்போதைக்கு அவளுக்கு இல்லை. பழைய சாம்பிள்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, தையல் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாளாம். பொறுமை பழகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று இன்னொன்றும் நடந்தது. அவள் உள்ளே வரும்போது, "இன்ச் டேப்பு வந்தாச்சு, எல்லாரும் கழுத்தப் பாத்துக்குங்க" என்றேன். செக்‌ஷனே சிரித்தது. பிளாட்லாக் மிஷினில் தைக்கிற சம்பூர்ணம் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிப்பும் கூத்தும் இருந்தால்தான் வேலை ஓடும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவளும் சிரிக்கத்தான் செய்தாள், லேசாக. ஆறுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. பல்வலியாக இருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். ஆள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான், நானே பிரித்தேன். வசந்தாமணி டார்ச் பிடித்தாள். வெளிச்சத்தை எங்கோ காட்டிக்கொண்டிருந்தவளை ஒரு சத்தம் போட்டேன், கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்கும் கையில் டார்ச் பிடித்து என்ன பிரயோசனம்?

மத்தியானம் கறிக்குழம்பு. உப்பு சரியாக இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, புதன்

இன்று கூத்து. பையர்காரர்கள் ஆடிட் வரப்போகிறார்களாம், அதற்காக எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து ஹெச்.ஆர். ரோஸ்லின் மேடம் வகுப்பு எடுத்தது. வேலை செய்யும் இடத்தில் ஒருத்தரை மட்டம் தட்டுவது, ஒதுக்கி வைப்பது, பட்டப்பெயர் வைப்பது, வேண்டுமென்றே உதவாத வேலை கொடுப்பது என்று படம் போட்டுக் காட்டியது. வயசு இருபத்தாறோ ஏழோ இருக்கும். மிஷின் முன்னால் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை.

"இந்த மாதிரி உங்க செக்‌ஷன்ல யாருக்காச்சும் நடக்குதுங்களா?" என்று கேட்டது. எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். நான்தான் எழுந்தேன்.

"எங்க செக்‌ஷன்ல எல்லாரும் ஒரே குடும்பமாட்டங்க மேடம். அப்படி ஒண்ணும் இல்லீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். புகார்க் குழுவுக்கு மூத்தவர் ஒருத்தர் வேண்டும் என்று மேனேஜர் என் பெயரைச் சொல்லிவிட்டார். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். யாருக்குக் குறை இருந்தாலும் இனி என்னிடம்தான் வர வேண்டும்.

கரூர்க்காரி கடைசி பெஞ்சில் இருந்தாள். கைதட்டும்போது தலையைக் குனிந்திருந்தாள்.

செப்டம்பர் 21, சனி

டீக்காரரிடம், நாளையிலிருந்து எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு கிளாஸ் குறைத்துக் கொண்டு வாருங்கள் என்று முந்தாநாள் சொல்லியிருந்தேன். யாருக்குக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களே புரிந்துகொண்டார்கள். நேற்று அவள் தண்ணீர் குடித்தாள்.

இன்றும் அப்படியே. ஆறுச்சாமி தன் கிளாஸைக் கொண்டுபோய் அவள் மிஷின் மேல் வைத்தான். நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். பத்தொன்பது வருடமாக என்னோடு இருப்பவன். அவன் பெண் கல்யாணத்துக்கு லீவு கொடுத்தது யார், நான்தானே?

செப்டம்பர் 25, புதன்

கரூர்க்காரி எட்டு நிமிஷம் லேட். பிள்ளைக்குக் காய்ச்சலாம். என் மேஜைக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். அதற்குள் ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வந்தார், கலர் மாறிவிட்டது என்றார், போன், அது, இது. அவளை உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். உட்காருகிறேன் என்று அவள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. கழுத்து அளவைச் சொல்லத் திறந்த வாய்தானே அது?

செப்டம்பர் 28, சனி

சனியன் பிடித்த நாள். ஆள் குறைவு என்பதால் அவளை ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்தேன். பின்னால் நின்று, "ம், ஓட்டு. ம், இன்னும் வேகமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் பழக்குவேன். நான் கிட்டே நின்றாலே அவள் கை தடுமாறுகிறது. ஊசி விரல் நகத்தில் இறங்கிவிட்டது.

கத்தவில்லை அவள். அதுதான் ஒரு மாதிரி இருந்தது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு, "சாரிங்க மாஸ்டர், துணில ரத்தம் பட்டிருச்சுங்க" என்றாள்.

ஆறுச்சாமி எழுந்து வந்து ஊசியைக் கழற்றினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்றான்.

"மாஸ்டர், போதுமுங்க."

"என்னடா போதும்?"

"ஒண்ணுமில்லீங்க."

மிஷினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குத் தலை கிண்ணென்று இருந்தது. மாத்திரை போட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். விரல் விஷயம் ஹெச்.ஆர். வரைக்கும் போயிருக்கிறது.

"அந்தப் பொண்ணு எப்படீங்க மாஸ்டர்?"

"கவனம் பத்தாதுங்க சார். நம்ம வேலைக்குச் செட்டாகாது."

"எனக்கென்னமோ நல்லா தைக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. அன்னைக்குக்கூட..."

அன்றைக்குக்கூட என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி, செக்‌ஷன் உங்களுது. ஆயுத பூஜை முடியட்டும். லீவு முடிஞ்சு வர்ற திங்கக்கெழமை நீங்க வேண்டாம்னு சொன்னா, கணக்கு முடிச்சு அனுப்பீரலாம்" என்றார்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

எப்படியோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து வந்தாள். விரலில் கட்டு.

"மாஸ்டர், நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லீருங்க. திருத்திக்கறேனுங்க."

நான் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவ இங்க ஸ்கூல்ல சேத்திட்டேனுங்க. இந்த வேலை போச்சுன்னா கரூருக்குத்தான் போகோணும். அங்க அவங்கப்பா இருக்கறாருங்க. அங்க போக முடியாதுங்க மாஸ்டர்."

"ஏன் முடியாது?"

முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், இந்த வெயிலிலும் அவள் எப்போதும் முழுக்கைதான்.

"போ, போய் வேலையப் பாரு" என்றேன். எங்கள் ஊரில் தெருநாயைக்கூட 'ங்க' போட்டுத்தான் விரட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இவளிடம் மட்டும் அந்த 'ங்க' எனக்கு வாயில் வர மாட்டேன் என்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. வசந்தாமணி கொடுத்துவிட்ட புளிசாதத்தில் எண்ணெய் ஜாஸ்தி.

அக்டோபர் 9, புதன்

பூஜைக்காகச் சுத்தம் செய்கிறோம். எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, நான் கொண்டு வந்ததுதான். பூஜையன்று மாஸ்டர் கையால்தான் ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். வைத்த பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. லீவு முடிந்து வருகிற நாளில் சூடம் காட்டி, அத்தனை மிஷினையும் ஒரே நேரத்தில் மிதித்து ஒரு தையல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை கத்தரி, நூல்கண்டு எதிலும் கை படக்கூடாது. போன வருடம் இடையில் ஒருத்தன் அடிநூல் சுற்றிய பாபினை எடுத்ததற்கு நான் போட்ட சத்தம் மெயின் ரோடு வரை கேட்டதாம்.

கரூர்க்காரி தன் மிஷினைப் பழைய பல்தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்தாள். புது மிஷின் மாதிரி மின்னுகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. வாழைக்கன்று, மாவிலை, அவல், பொரி, சுண்டல் எல்லாம் அமர்க்களம். வெள்ளி மாதிரி மின்னுகிற எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு நான் வரிசையாகப் போனேன். ஆறுச்சாமி மிஷின், சம்பூர்ணம் மிஷின், மற்றவர்கள் மிஷின், அயர்ன் டேபிள், கத்தரி, என் டேப். எல்லோரும் தங்கள் மிஷினுக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறார்கள்.

கக்கூஸ் கதவுப் பக்கம் கடைசி மிஷின். அவளும் கைகூப்பி நின்றாள். புதுச்சேலை. தலையில் பூ.

சந்தனம் தீர்ந்துவிட்டது. அப்படித்தான் சொன்னேன். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சூடத்தைப் பற்ற வைத்தேன். கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

மணி அடித்தேன். எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தேன். அவளும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் கொடுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

வெளியே போகும்போது வழக்கமாக எல்லோரும், "வரட்டுங்களா மாஸ்டர்?" என்பார்கள். இன்று அவசரமோ என்னமோ.

அக்டோபர் 12, சனி

காலையில் வசந்தாமணி இட்லி வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையோட மிஷினுக்கு ஏனுங்க சந்தனம் வெக்கல?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஆறுச்சாமி சம்சாரம் போன் பண்ணுச்சு. பொம்பளப்புள்ள, வேலை செய்யற எடத்துல அப்படிச் செஞ்சா அது மனசு என்னங்க ஆகும்? எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. நம்மள மாதிரித்தானுங்களே அதுக்கும் இருக்கும்?"

தட்டு கைதவறி விழுந்தது. சட்னி சுவரில் தெறித்துவிட்டது.

அவள் துடைத்தாள். நம்மள மாதிரி என்று எதற்குச் சொன்னாள் என்று இன்னும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். மனசுக்குள், இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருந்தது. சாயங்காலம் கூரியருக்குப் போக வேண்டிய அவசர சாம்பிள் ஒன்றும் இருந்தது. பெரிய பையர். இன்று போகாவிட்டால் ஆர்டர் போச்சு. துணியைப் பூஜைக்கு முன்னால் வியாழக்கிழமையே வெட்டி வைத்துவிட்டேன்.

சூடம் காட்டினேன். "ம், மிதிங்க" என்றேன்.

ஒருத்தரும் மிதிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"என்னாச்சு? மிதிங்க!"

ஆறுச்சாமி எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"பூஜை இன்னும் முடியலீங்களே மாஸ்டர். ஒரு மிஷின் பாக்கி நிக்குது. அது நிக்கறப்ப நாங்க எப்படீங்க மிதிக்கறது?"

"டேய்!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க. போன வருசம் பாபின எடுத்தவனை என்ன சொன்னீங்கன்னு எங்களுக்கு மறக்கலீங்க."

நான் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். கை ஓங்கினேன் என்று பின்னால் யாரோ மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்கள், அது பொய், கையை நீட்டிப் பேசினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் மிதிக்கவும் இல்லை. சம்பூர்ணத்தைப் பார்த்தேன். எதற்கும் சிரிக்கிறவள். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க மாஸ்டர், பாவமுங்க அது. நாங்களும் சிரிச்சிட்டமுங்க. எங்களுக்குப் பயமுங்க" என்றாள். என்ன பயம் என்று கேட்டேன். ஆறுச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

மிஷின் சத்தம் வரவில்லையே என்று மேனேஜர் மேலே வந்தார். கூடவே ரோஸ்லின் மேடம். ஆறுச்சாமி அதையே அவரிடமும் சொன்னான், ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டு. மேனேஜர் ஒன்பது பேரையும் பார்த்தார், கக்கூஸ் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், சந்தனம் இருக்குதுங்களா?"

கரைத்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைசி மிஷினுக்கு நடந்தேன். வைத்தேன். குங்குமமும் வைத்தேன். மறுபடி சூடம் காட்டினேன்.

அப்போதும் யாரும் மிதிக்கவில்லை.

"இன்னும் என்ன ஆறுச்சாமி?" என்றார் மேனேஜர்.

"திங்கக்கெழமை மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்றதா இருந்துச்சாமுங்க, இந்தப் புள்ளய வெக்கறதா அனுப்பறதான்னு. அதை எங்க எல்லாரு முன்னாலயும் சொல்லீட்டாருன்னா, கேட்டுட்டு ஆரம்பிச்சரலாமுங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாக நான் உள்ளே வந்தால் இவர்கள் தலை குனியும். இப்போது ஒரு தலைகூடக் குனியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

"தமயந்தி இங்கயே இருக்கட்டுங்க சார்" என்றேன்.

அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நன்றிங்க மாஸ்டர்" என்று ஆறுச்சாமி கும்பிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் மிதித்தார்கள். ரோஸ்லின் மேடம் எதையோ எழுதிக்கொண்டது, நாளைக்குத் தன் ரூமுக்கு வரச் சொன்னது. வரட்டும், பார்க்கலாம். என் கவனம் அதில் இல்லை. ஓடுகிற மிஷின்களின் சத்தத்தில் ஒன்று குறைகிறது. இருபத்திரண்டு வருடம் கேட்ட காது, அதற்குத் தெரியாதா?

கடைசி மிஷினுக்குப் போனேன். நல்லவிதமாகத்தான் போனேன். அந்த அவசர சாம்பிளை இவளே தைக்கட்டும் என்று துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஊசியில் நூல் கோத்து, துணியை வைத்து, எல்லாம் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். கால் மட்டும் மிதியில் கிடந்து படபடவென்று அடிக்கிறது. அழுத்த முடியவில்லை.

"என்னம்மா, தைக்கலீங்களா?" என்றேன்.

என் குரல் கேட்டதும் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு முகத்தின் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள். அடிக்க வருகிறவனைக் கண்ட மாதிரி. நான் அவளை அடித்ததில்லை. யாரையும் அடித்ததில்லை. துணியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆறுச்சாமி வந்து என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை.

"மாஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அந்தப் புள்ள தைக்கட்டும்."

வெளியே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். உள்ளே எட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் எட்டுதான். பிறகு ஒன்பதாவதும் ஓட ஆரம்பித்தது.